ஒரு பாலிசி, நூறு கம்ப்யூட்டர்: விண்டோஸ் அப்டேட்டை ஒரே இடத்திலிருந்து நடத்துவது எப்படி?

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி இரவு 10.30 மணிக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மாதத்து அப்டேட்களை வெளியிடும். அமெரிக்காவில் குளிர்காலமாக இருந்தால் 11.30 ஆகும். 2003 அக்டோபரிலிருந்து இதுதான் வழக்கம். நாம் புதன்கிழமை காலை லேபைத் திறந்து வரிசையாக சுவிட்ச் போடும்போது ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியாக இன்டர்நெட்டுக்குப் போய் அதே ஃபைலை இறக்க ஆரம்பிக்கும். ஒரு மாத அப்டேட் சில நூறு எம்.பி.யிலிருந்து சில ஜி.பி. வரை வரும். 120 கம்ப்யூட்டர், ஒரே லைன். பத்து மணிக்கு முதல் வகுப்பு. அப்புறம் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்குப் பயந்து அப்டேட்டையே நிறுத்தி வைக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரிய ஆபத்து. 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. போட்டுக்கொள்ள ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது.

எனவே வேண்டியது ஒரு முறை: அப்டேட்டை ஒரு சர்வர் மட்டும் இறக்க வேண்டும், எது எப்போது யாருக்குப் போக வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும், யாருக்குப் போகவில்லை என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். விண்டோஸ் சர்வரிலேயே இருக்கும் டபிள்யூசஸ் (அப்டேட்டை இறக்கி மற்ற கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கும் விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ்), குரூப் பாலிசி (பல கம்ப்யூட்டர்களின் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து தீர்மானிக்கும் வசதி) இரண்டையும் சேர்த்தால் இது கிடைக்கும். தனி லைசென்ஸ் கட்டணம் கிடையாது. 50 முதல் சில நூறு கம்ப்யூட்டர்கள் உள்ள கல்லூரி லேப், ஆபீஸ், ஆஸ்பத்திரி ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆக்டிவ் டைரக்டரி டொமைன் (கம்ப்யூட்டர்களையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) ஏற்கெனவே இருக்கிறது, கம்ப்யூட்டர்கள் அதில் சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஓயு

டபிள்யூசஸைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. டொமைனில் சேரும் கம்ப்யூட்டர் எல்லாம் தானாகப் போய் விழும் இடம் 'கம்ப்யூட்டர்ஸ்' என்ற பெட்டி. பார்க்க ஃபோல்டர் மாதிரி இருந்தாலும் அது ஓயு (ஆர்கனைசேஷனல் யூனிட், பாலிசியை மாட்டக்கூடிய பிரிவு) கிடையாது. அதன்மேல் பாலிசியை மாட்ட முடியாது. பாலிசி வேலை செய்யவில்லை என்று என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை இதுதான். பாலிசி சரியாக இருக்கும், கம்ப்யூட்டர் அதன் கீழ் இருக்காது.

ஆகவே ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸைத் திறந்து ஓயுக்களை உருவாக்குங்கள். எந்தத் துறை, எந்த மாடி என்று பிரிப்பதைவிட, எந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆனால் யாருக்குக் கஷ்டம் என்று பிரிப்பது அப்டேட்டுக்கு உதவும். நான் வைத்துக்கொள்ளும் பிரிவுகள் நான்கு: சோதனை, லேப், அலுவலகம், சர்வர். கம்ப்யூட்டர்களை அந்தந்த ஓயுவுக்கு நகர்த்துங்கள். சர்வர்களை ஒருபோதும் மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

டபிள்யூசஸை நிறுவுதல்

டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரிலேயே இதை ஏற்றாமல் தனி சர்வரிலோ தனி விர்ச்சுவல் மெஷினிலோ வையுங்கள். சர்வர் மேனேஜரில் ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் போய் விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸைத் தேர்ந்தெடுங்கள். டேட்டாபேஸ் எது என்று கேட்கும். இந்த அளவுக்கு விண்டோஸ் இன்டர்னல் டேட்டாபேஸ் போதும். எஸ்.க்யூ.எல். எக்ஸ்பிரஸுக்கு இருக்கும் அளவு வரம்பு இதற்குக் கிடையாது.

அப்டேட் ஃபைல்களை எங்கே வைப்பது என்று கேட்கும்போது சி டிரைவைக் கொடுத்துவிடாதீர்கள். டி டிரைவில் ஒரு ஃபோல்டர் கொடுங்கள். 40 ஜி.பி. போதும் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. விண்டோஸ் 11 காலத்தில் அது போதாது. 200 ஜி.பி.யாவது ஒதுக்கினால் நிம்மதி. நிறுவல் முடிந்ததும் சர்வர் மேனேஜரின் மேலே மஞ்சள் முக்கோணம் ஒன்று வரும். அதில் போஸ்ட் இன்ஸ்டலேஷன் வேலையை ஓடவிட்டால்தான் டேட்டாபேஸ் உருவாகும்.

அடுத்து வரும் விசார்டில் அவசரம் வேண்டாம். இங்கே கூடுதலாகப் போடும் ஒவ்வொரு டிக்கும் பின்னால் டிஸ்க்கைத் தின்னும். மொழியில் ஆங்கிலம் மட்டும், அல்லது நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் மொழிகள் மட்டும். தயாரிப்புப் பட்டியலில் உங்களிடம் இருப்பவை மட்டும். வகைகளில் கிரிட்டிக்கல், செக்யூரிட்டி, டெஃபினிஷன் மூன்றையும் போடுங்கள். மாதாந்திரக் குவிப்பு அப்டேட் செக்யூரிட்டி வகையில்தான் வரும். டிரைவர்ஸ் என்ற டிக்கை மட்டும் போடவே போடாதீர்கள். பட்டியல் பல்லாயிரக்கணக்கில் பெருகி கன்சோலே நகராது. டிரைவர் தேவைப்பட்டால் அந்த மாடலுக்கு மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

அப்ரூவ் செய்த அப்டேட்டை மட்டும் இறக்கும் அமைப்பு இயல்பாகவே இருக்கும், அதை மாற்றாதீர்கள். சிங்க், அதாவது மைக்ரோசாஃப்ட்டிடம் புதிய அப்டேட் பட்டியலை வாங்குவது, ஒரு நாளைக்கு ஒரு முறை போதும் என்று தோன்றும். ஆனால் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வைரஸ் டெஃபினிஷன்கள் ஒரு நாளில் பல முறை வரும். ஆகவே நான்கு முறையாவது வைத்துவிட்டு, டெஃபினிஷன் வகைக்கு மட்டும் தானியங்கி அப்ரூவல் விதி போட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். விண்டோஸின் வெப் சர்வரான ஐ.ஐ.எஸ்.ஸின் மேனேஜரில் டபிள்யூசஸ் பூல் என்று ஓர் அப்ளிகேஷன் பூல் இருக்கும். அதன் பிரைவேட் மெமரி லிமிட் இயல்பாக 18,43,200 கே.பி. மட்டுமே. நூறு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் கேட்டால் அது முட்டி, பூல் நின்று, கன்சோலில் 'ரீசெட் சர்வர் நோட்' என்ற பட்டனோடு பிழை வரும். அந்த லிமிட்டை 0 ஆக்குங்கள், அதாவது வரம்பில்லை. க்யூ லெங்த்தை 1000லிருந்து 2000 ஆக்குங்கள். சர்வரில் ரேம் 8 ஜி.பி.க்குக் குறைவாக இருந்தால் முதலில் அதைக் கூட்டுங்கள்.

குழுக்கள்

டபிள்யூசஸ் கன்சோலில் கம்ப்யூட்டர்ஸ் என்பதன் கீழ் ஓயுக்களுக்கு இணையாக நான்கு குழுக்களை உருவாக்குங்கள். பிறகு ஆப்ஷன்ஸில் கம்ப்யூட்டர்ஸைத் திறந்து, 'குரூப் பாலிசி அல்லது ரிஜிஸ்ட்ரி அமைப்புகளைப் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் பாலிசியில் குழுப் பெயர் எழுதியும் பயனில்லை. எல்லாம் அன்அசைன்டு பெட்டியிலேயே கிடக்கும்.

பாலிசி எழுதுதல்

குரூப் பாலிசி மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஒவ்வோர் ஓயுவுக்கும் ஒரு புதிய பாலிசி உருவாக்கி அங்கேயே மாட்டுங்கள். டிஃபால்ட் டொமைன் பாலிசிக்குள் இதை எழுதாதீர்கள். அதில் எழுதினால் டொமைன் கன்ட்ரோலர் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

எடிட்டில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், பாலிசீஸ், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று இறங்குங்கள். உள்ளே ஏராளமான அமைப்புகள் இருக்கும். நமக்கு வேண்டியவை சிலதான்.

முதலாவது, 'ஸ்பெசிஃபை இன்ட்ராநெட் மைக்ரோசாஃப்ட் அப்டேட் சர்வீஸ் லொகேஷன்'. இரண்டு கட்டங்களிலும் எச்.டி.டி.பி. முகவரியாக சர்வரின் முழுப்பெயரை எழுதி, கடைசியில் முக்காற்புள்ளியும் 8530 என்ற போர்ட் எண்ணும் சேர்க்க வேண்டும். எச்.டி.டி.பி.எஸ். என்றால் 8531. போர்ட் எண்ணை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் வேறு கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தியும் காரணத்தைத் தெளிவாகச் சொல்லாது.

இரண்டாவது, 'எனேபிள் கிளையன்ட் சைட் டார்கெட்டிங்'. இங்கே குழுவின் பெயரை எழுதுங்கள். டபிள்யூசஸில் வைத்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, 'கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்'. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆப்ஷன் 3 என்றால் இறக்கி வைத்துவிட்டு, போடலாமா என்று கேட்கும். ஆப்ஷன் 4 என்றால் இறக்கி, குறித்த நேரத்தில் தானே போட்டுவிடும். சர்வர்களுக்கு 3, மற்றவற்றுக்கு 4. நேரம் இயல்பாகவே அதிகாலை 3 மணி என்று இருக்கும். இரவெல்லாம் கம்ப்யூட்டர் ஓடும் ஊருக்கு அது சரி. நம் லேபில் மாலை ஐந்தரை மணிக்கு உதவியாளர் யூ.பி.எஸ். மெயினையே அணைத்துவிட்டுப் போவார். 3 மணிக்கு எந்தக் கம்ப்யூட்டர் விழித்திருக்கப்போகிறது? ஒரு லேபில் இந்த அமைப்பு ஐந்து மாதம் இப்படியே இருந்தது. பாலிசி போயிருந்தது, அப்ரூவல் இருந்தது, ஒரு மெஷினில்கூட அப்டேட் ஏறவில்லை. நேரத்தைப் பகல் 1 மணிக்கு, சாப்பாட்டு இடைவேளைக்கு மாற்றிய அன்றே ஏற ஆரம்பித்தது. உங்கள் இடத்தில் கம்ப்யூட்டர்கள் நிச்சயமாக ஓடிக்கொண்டு, ஆட்கள் குறைவாக இருக்கும் நேரம் எது என்று போய்ப் பார்த்துவிட்டு அதை எழுதுங்கள்.

நான்காவது ரீஸ்டார்ட். அலுவலக ஆட்களுக்கு 'நோ ஆட்டோ ரீஸ்டார்ட் வித் லாக்டு ஆன் யூசர்ஸ்' என்பதைப் போட்டால் வேலைக்கு நடுவே மெஷின் அணையாது. ஆனால் வாரக்கணக்கில் ரீஸ்டார்ட் செய்யாமலே விடுபவர்களும் உண்டு. அவர்களுக்காக 'ஸ்பெசிஃபை டெட்லைன்ஸ் ஃபார் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் அண்ட் ரீஸ்டார்ட்ஸ்' என்ற அமைப்பு இருக்கிறது: இத்தனை நாளுக்குள் அப்டேட் ஏற வேண்டும், அதன்பின் இத்தனை நாள் சலுகை. நான் 7 நாளும் 2 நாள் சலுகையும் வைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். டெட்லைன் இருந்தால் முதலாவதை விண்டோஸ் கண்டுகொள்ளாது.

போடக் கூடாத ஒன்றும் உண்டு. அதே இடத்தில் 'அப்டேட்டை இத்தனை நாள் தள்ளிவை' என்ற டெஃபரல் அமைப்புகளைக் காண்பீர்கள். அவை விண்டோஸ் அப்டேட் ஃபார் பிசினஸுக்கானவை, அதாவது மெஷின் நேராக மைக்ரோசாஃப்ட்டிடமே அப்டேட் வாங்கும் முறைக்கானவை. டபிள்யூசஸோடு சேர்த்து அவற்றையும் போட்டால், மெஷின் உங்கள் சர்வரைக் கேட்பதோடு நேராக மைக்ரோசாஃப்ட்டையும் கேட்கப் போய்விடலாம். நீங்கள் அப்ரூவ் செய்யாத அப்டேட் ஏறியிருந்தால் முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

போய்ச் சேர்ந்ததா?

குரூப் பாலிசி 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் 30 நிமிடம் வரை கூடுதலாகி, புதுப்பிக்கப்படும். காத்திருக்க வேண்டாம். சோதனை ஓயுவில் உள்ள ஒரு மெஷினுக்குப் போய் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் சேர்த்துக் கொடுங்கள். அடுத்து ஜிபிரிசல்ட் கட்டளை, ஸ்லாஷ் ஆர் சேர்த்து. வரும் பட்டியலில் கம்ப்யூட்டர் பகுதியில் உங்கள் பாலிசியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மெஷின் எந்த ஓயுவில் இருக்கிறது என்பதும் அங்கேயே எழுதியிருக்கும்.

பெயர் இருந்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறங்கள். சில அமைப்புகளை நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற குறிப்பு வந்திருக்கும். செக் ஃபார் அப்டேட்ஸை அழுத்துங்கள். சில நிமிடங்களில் அந்த மெஷின் டபிள்யூசஸ் கன்சோலில் வந்து நிற்க வேண்டும். வரவில்லையா? பவர்ஷெல்லில் டெஸ்ட் நெட்கனெக்ஷன் கட்டளையால் சர்வரின் 8530 போர்ட் திறக்கிறதா என்று சோதியுங்கள்.

லேப்களுக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ஒரு மெஷினைத் தயார் செய்து அதன் இமேஜை (டிஸ்க்கின் முழு நகலை) எடுத்து மற்ற 39 மெஷின்களிலும் போடுவோம். கன்சோலைத் திறந்தால் 40க்குப் பதில் ஒன்றே ஒன்று. எஃப்5 அழுத்தினால் அதே வரியில் பெயர் மட்டும் மாறும்: முதலில் லேப்2-07, அடுத்து லேப்2-31. டபிள்யூசஸ் மெஷினைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. சஸ்கிளையன்ட்ஐடி என்ற எண்ணால் காண்கிறது. இமேஜோடு அந்த எண்ணும் 40 மெஷினுக்கும் போய்விட்டது. ஒவ்வொன்றிலும் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்தி, ரிஜிஸ்ட்ரியில் விண்டோஸ் அப்டேட் கீயின் கீழ் உள்ள சஸ்கிளையன்ட்ஐடி, சஸ்கிளையன்ட்ஐடிவேலிடேஷன் இரண்டையும் அழித்து, சர்வீஸை மறுபடி தொடங்கினால் புது எண் பிறக்கும். 40 மெஷினுக்கும் நடக்க வேண்டாம். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டாக எழுதி ஒரே ஒரு முறை ஓடவிட்டுப் பிறகு அதைக் கழற்றிவிடலாம். இமேஜ் எடுப்பதற்கு முன்பே விண்டோஸின் சிஸ்பிரெப் கருவியை ஜெனரலைஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் இந்தத் தொல்லையே வராது.

அப்ரூவல்: அலை அலையாக

2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் செய்யும் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்கள். அது மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் இல்லை, டபிள்யூசஸ் வழியாக வந்ததும் இல்லை. ஆனால் எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வானாக்ரை தாமதத்தின் விலை. இது அவசரத்தின் விலை. நம் அட்டவணை இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

புதன்கிழமை காலை சிங்க் ஆனதும் புதிய அப்டேட்களைச் சோதனைக் குழுவுக்கு மட்டும் அப்ரூவ் செய்யுங்கள். இந்தக் குழுவில் யாரும் தொடாத பழைய மெஷின்களைப் போட்டால் எதுவும் தெரியவராது. கணக்குப் பிரிவில் ஒன்று, பிரிண்டர் அதிகம் பயன்படுத்துபவருடையது ஒன்று, லேபில் ஒவ்வொரு மாடலிலும் ஒன்று, உங்களுடையது ஒன்று. அந்த ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஏதாவது வித்தியாசமாக இருந்தால் உடனே போன் செய்யச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரச்சினை இல்லையென்றால், வெள்ளிக்கிழமை லேபுக்கு. அடுத்த செவ்வாய் அலுவலகத்துக்கு. சர்வர்களுக்கு அந்த வார இறுதியில், பேக்கப் எடுத்தபின், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.

தாக்குதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பிட்டிருந்தால் மட்டும் இந்த இடைவெளியை ஒரு நாளாகச் சுருக்குங்கள். தேர்வு வாரம், சம்பள நாள், ஜி.எஸ்.டி. கடைசி நாள் ஆகியவற்றைக் காலண்டரில் முன்பே குறித்துவைத்து அன்று எதையும் அப்ரூவ் செய்யாதீர்கள்.

மற்ற மென்பொருள்கள்

டபிள்யூசஸ் மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளுக்குத்தான். 7-சிப், குரோம் போன்றவற்றை எம்.எஸ்.ஐ. (விண்டோஸ் இன்ஸ்டாலர் ஃபைல்) வடிவில் இறக்கி, குரூப் பாலிசியின் சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் வழியாக அனுப்பலாம். ஃபைலை ஷேர் செய்த ஃபோல்டரில் வைத்து, டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் படிக்கும் அனுமதி கொடுங்கள். பாத்தை டி டிரைவ் என்று கொடுக்காமல் இரண்டு பேக்ஸ்லாஷோடு தொடங்கும் நெட்வொர்க் பாத்தாகக் கொடுங்கள். அசைன்டு தேர்ந்தெடுங்கள். புதிய வெர்ஷன் வரும்போது புதிய பேக்கேஜாகச் சேர்த்து, அப்கிரேட்ஸ் டேபில் பழையதைக் காட்டிவிட்டால் போதும்.

இது கம்ப்யூட்டர் துவங்கும்போது மட்டுமே நடக்கும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது முழுத் துவக்கம் ஆகாது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் ஆகும். 'ஆல்வேஸ் வெயிட் ஃபார் த நெட்வொர்க்' பாலிசியையும் கூடவே போடுங்கள்.

சர்வரையும் கவனியுங்கள்

மாதம் ஒரு முறை ஆப்ஷன்ஸில் சர்வர் கிளீனப் விசார்டை ஓடவிடுங்கள். ஒவ்வொரு மாதக் குவிப்பு அப்டேட்டும் முந்தையதை விழுங்கிவிடும். விழுங்கப்பட்ட பழையவற்றை டிக்ளைன் செய்யாவிட்டால் டிஸ்க்கும் நிறையும், ஸ்கேனும் தவழும்.

8530, 8531 போர்ட்களை இன்டர்நெட் பக்கம் திறந்துவைக்காதீர்கள். 2025 அக்டோபரில் டபிள்யூசஸிலேயே மிக மோசமான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் சர்வரில் தன் கட்டளையை ஓடவிட முடிந்தது. அக்டோபர் 23 அன்று மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் பேட்ச் வெளியிட்டது. எல்லா மெஷினுக்கும் அப்டேட் அனுப்பும் சர்வர் கைமாறினால் எல்லா மெஷினும் கைமாறின மாதிரிதான். மற்ற சர்வர்களைப்போல் கடைசிக்கு விடாமல், அந்த சர்வருக்கு முதலில் பேட்ச் போடுங்கள்.

டபிள்யூசஸில் இனிப் புது வசதிகள் வராது என்று 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் விண்டோஸ் சர்வர் 2025லும் அது இருக்கிறது, ஆதரவும் தொடர்கிறது. எல்லா மெஷினுக்கும் நல்ல இன்டர்நெட்டும் இன்டியூன் (மைக்ரோசாஃப்ட்டின் இணையவழி நிர்வாகச் சேவை) லைசென்ஸும் இருந்தால் அந்தப் பக்கம் போகலாம். ஒரே லைனைப் பகிரும் லேபுக்கு இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

விடுபட்டவை

அப்ரூவ் செய்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துக் கன்சோலை மூடிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 120ல் 112 ஏறிவிட்டது என்பது நல்ல செய்திதான். ஆனால் வைரஸ் நுழைய மீதி எட்டில் ஒன்று போதும். ஆகவே அலை முடிந்த அடுத்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கன்சோலில் கம்ப்யூட்டர்களை 'ஃபெயில்டு ஆர் நீடெட்' என்று வடிகட்டி, லாஸ்ட் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் தேதிப்படி வரிசைப்படுத்துங்கள்.

ஃபெயில்டு என்றால் பெரும்பாலும் சி டிரைவில் இடமில்லை, அல்லது விண்டோஸ் அப்டேட்டின் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டர் கெட்டிருக்கும். சர்வீஸை நிறுத்தி அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றி மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பல நாளாக ரிப்போர்ட்டே வராதவை வேறு வகை. அவற்றை எழுந்து போய்த்தான் தேட வேண்டும். ஒரு முறை இந்தப் பட்டியலில் ஒரு பெயர் 74 நாளாக நின்றது. பழுதாகிக் கழித்துவிட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். தேர்வுப் பிரிவில் ஓர் அலமாரிக்குப் பக்கத்தில், மதிப்பெண் அச்சடிக்க மட்டும் வாரம் ஒரு நாள் போடும் மெஷின் அது. நெட்வொர்க் கேபிளை பிரிண்டருக்காகக் கழற்றியிருந்தார்கள். பிரிண்டருக்கு வேறு போர்ட் கொடுத்து, கேபிளை மறுபடி செருகி, செக் ஃபார் அப்டேட்ஸை அழுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு ரீஸ்டார்ட். மாலை 4.10க்குக் கன்சோலில் அந்த வரி பச்சையாக மாறியது.